ரேவால் நடை எங்கே போனது?

வாசகர் கடிதம்: ஐயா, கோபிசெட்டிபாளையம் பக்கம் விவசாயம் செய்கிறோம். போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் மார்வாரி இனத்துப் பெண் குதிரை ஒன்று வாங்கினேன். நாலு வயது என்றார்கள். சிட்டு என்று பெயர் வைத்திருக்கிறோம். விற்றவர், "ரேவால் நடை, மேலே உட்கார்ந்து டீ குடிக்கலாம்" என்றார். சந்தையில் ஓட்டிக் காட்டியபோது உண்மையிலேயே அலுங்காமல்தான் வந்தது. வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. இப்போது நான் ஏறி வேகம் கொடுத்தால் இடமும் வலமுமாக ஆட்டுகிறது. 14 வயது மகன் ஏறினால் தூக்கித் தூக்கிப் போடுகிறது. என் எடை 84 கிலோ. பக்கத்து ஊரில் குதிரை வைத்திருக்கும் ஒருவர், ஒரே பக்கத்து முன்காலையும் பின்காலையும் கயிற்றால் இணைத்துக் கட்டி நடத்தினால் நடை திரும்பிவிடும் என்கிறார். அதற்கும் வரவில்லை என்றால் கனமான லாடமும் முள் கடிவாளமும் போடச் சொல்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா? ரேவால் பிறப்பிலேயே வருவதா, பழக்கினால் வருவதா?

பதில்: முதலில் அந்தக் கயிறு. கட்டாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். இதைப் படித்து முடிப்பதற்குள் யாராவது கட்டிவிடக் கூடாது என்பதால் இதை முன்னால் வைக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயம். நீங்கள் ஏறினால் பக்கவாட்டில் ஆட்டுகிறது, பையன் ஏறினால் மேலும் கீழுமாகத் தூக்கிப் போடுகிறது. ஒரே குதிரை, ஆள் மாறினால் நடை மாறுகிறது. ரேவால் நடையே இல்லாத குதிரை இப்படிச் செய்வது அபூர்வம். அது யார் ஏறினாலும் டிராட் என்கிற துள்ளோட்டம்தான் போகும். சிட்டுவிடம் ரேவால் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். இரண்டு பக்கமும் நழுவிப் போகிறது, நடுவில் நிற்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நடுவில் என்று ஏன் சொல்கிறேன் என்பதற்குக் கால்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். குதிரை சும்மா நடக்கும்போது நான்கு குளம்பும் தனித்தனியாக விழும். இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால் என்பது வரிசை. டிராட்டில் குறுக்குக் கால்கள் ஜோடி சேரும். இடது முன்காலும் வலது பின்காலும் ஒன்றாக விழும், அப்புறம் மற்ற ஜோடி. இரண்டு ஜோடிக்கும் நடுவே குதிரை ஒரு நொடிக்கும் குறைவாக அந்தரத்தில் இருக்கும். அங்கிருந்து கீழே வரும்போதுதான் உங்கள் மகன் துள்ளி விழுகிறான். பேஸ் என்பது இதற்கு நேர் எதிர். ஒரே பக்கத்து இரண்டு காலும் சேர்ந்து போகும். மொத்த பாரமும் இடம், வலம் என்று மாறி மாறிச் சாய்வதால் மேலே இருப்பவருக்கு இடுப்பு கழன்றுவிடும் போல இருக்கும். நீங்கள் அனுபவிப்பது அது.

ரேவால் இரண்டுக்கும் நடுவில் இருப்பது. சும்மா நடக்கும்போது குளம்பு விழுகிற அதே வரிசைதான், ஆனால் ஓட்டத்தின் வேகத்தில். எந்த நேரத்திலும் ஒரு குளம்பாவது தரையில் இருக்கும் என்பதால் குதிரை அந்தரத்துக்கும் போவதில்லை, ஒரு பக்கமாகவும் சாய்வதில்லை. மார்வார், கத்தியவார், சிந்து பகுதிக் குதிரைகளில் இது காலங்காலமாகப் போற்றப்பட்ட நடை. மணல் காட்டில் நாள் முழுக்கப் போக வேண்டிய ஆளுக்கு வேறு எது வேண்டும்? உலகத்தின் மற்ற மூலைகளிலும் இதன் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். ஐஸ்லாந்துக் குதிரையின் டோல்ட், தென் அமெரிக்காவின் பாசோ குதிரைகளின் நடை, அமெரிக்காவில் டென்னசி வாக்கிங் ஹார்ஸின் ரன்னிங் வாக் எல்லாம் இந்தக் குடும்பம்தான். ஐஸ்லாந்தில் நிரம்பிய பீர் குவளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு டோல்ட் ஓட்டி, கடைசியில் யார் குவளையில் அதிகம் மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிற போட்டியே உண்டு. உங்கள் வியாபாரி சொன்ன டீ கதை அவ்வளவு மிகையில்லை.

பிறப்பா, பழக்கமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு 2012-ல் ஒரு நல்ல பதில் கிடைத்தது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் ஒரு சின்ன மாற்றத்தைக் கண்டுபிடித்து 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். அந்த மரபணு முதுகுத்தண்டில் உள்ள சில நரம்பு அணுக்களில் வேலை செய்கிறது. எந்தக் கால் எப்போது, எந்தக் காலோடு என்று ஒருங்கிணைப்பது அந்த நரம்புகள். மாற்றம் உள்ள குதிரையில் அந்த மரபணு உருவாக்கும் புரதம் பாதியிலேயே வெட்டுப்பட்டு நின்றுவிடுகிறது. அதனால் கால்களுக்குள் இருக்கும் வழக்கமான கட்டு தளர்ந்து, குறுக்கு ஜோடியை விட்டு வேறு விதமாகவும் போக முடிகிறது. ஐஸ்லாந்துக் குதிரைகளில் பேஸையும் சேர்த்து ஐந்து நடை காட்டுபவை ஏறக்குறைய எல்லாமே தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் இந்த மாற்றத்தை வாங்கியிருந்தன.

ஆனால் இரண்டு பக்கமிருந்தும் வாங்கியிருந்தும் பேஸ் வராத குதிரைகளும் அதே ஆய்வில் இருந்தன. அமெரிக்க வண்டிப் பந்தயக் குதிரையான ஸ்டாண்டர்ட்பிரெடை எடுத்துக்கொண்டால், பேஸ் ஓடுபவை, டிராட் ஓடுபவை இரண்டிலும் இந்த மாற்றம் பரவலாக உண்டு. ஆக, ரத்தம் வாசலைத் திறந்து வைக்கிறது. உடம்பின் அமைப்பு, தசை, மனநிலை, மேலே இருக்கிற ஆள் எல்லாம் சேர்ந்துதான் குதிரை எந்த வழியாகப் போகும் என்பதைத் தீர்மானிக்கின்றன. மார்வாரி என்பதாலேயே எல்லாக் குதிரைக்கும் ரேவால் வந்துவிடாது என்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். இல்லாத நடையை எந்தப் பயிற்றுநராலும் உள்ளே வைக்க முடியாது. இருக்கிற நடையை மறைக்கிற விஷயங்களை ஒவ்வொன்றாக எடுக்கலாம். பயிற்சி என்று நான் சொல்வது அதைத்தான்.

சரி, சந்தையில் மட்டும் எப்படி அவ்வளவு அழகாக வந்தது? இதில் பெரிய சூது இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பேஸ், ரேவால், டிராட் மூன்றும் ஒரே கோட்டில் இருப்பவை. குதிரை தலையைத் தூக்கி, முதுகைக் கீழே குழித்து, உடம்பை விறைத்தால் கோட்டின் பேஸ் பக்கம் நகரும். தலையைத் தாழ்த்தி, முதுகைத் தளரவிட்டு உருண்டையாக்கினால் டிராட் பக்கம் நகரும். அந்தியூர் சந்தையை நினைத்துப் பாருங்கள். கூட்டம், மேளம், சுற்றிலும் தெரியாத குதிரைகள். மேலே இருப்பவர் தேர்ந்த ஆள், லகானை ஏற்றிப் பிடித்திருப்பார். இயல்பில் கொஞ்சம் டிராட் பக்கம் சாய்ந்த இளங்குதிரைக்கு அந்தப் படபடப்பே சரியான அளவு விறைப்பைக் கொடுத்து நடுவில் நிறுத்திவிடும். வீட்டுக்கு வந்து பயம் தெளிந்ததும் அது போய்விட்டது. சந்தையில் பார்த்தது குதிரைக்குள் இருக்கிற நடைதான். ஆனால் அதற்குச் சொந்தமாக அதைத் தாங்கும் பலம் இன்னும் வரவில்லை.

இப்போது உங்கள் வீட்டு விஷயம் புரியும். நீங்கள் 84 கிலோ. எழுதவில்லை என்றாலும், லகானை இறுக்கிப் பிடிப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். முதுகு குழிகிறது, தலை ஏறுகிறது, பேஸ் வருகிறது. மகன் லேசான பிள்ளை, லகானைத் தொங்கவிட்டிருப்பான். குதிரை தளர்ந்து டிராட்டுக்குப் போகிறது.

பாரத்தைப் பற்றிப் பேசிவிடுவோம், அதைத் தாண்டி எந்தப் பயிற்சியும் நிற்காது. தையல்காரர் டேப்பை எடுத்து, முன்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளவெடுங்கள். பிறகு தோள் முனையிலிருந்து பிட்டத்தின் பின் முனை வரை நீளம். சென்டிமீட்டரில் நெஞ்சளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் குதிரையின் எடை கிலோவில் கிடைக்கும். நெஞ்சு 165, நீளம் 150 என்றால் 344 கிலோ வரும். நல்ல நிலையில் இருக்கிற குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைச் சுமக்கலாம் என்பது பொதுவான கணக்கு, சேணத்தையும் சேர்த்து. 344 கிலோவுக்கு அது 69 கிலோ. நீங்களும் சேணமுமாக 94 கிலோவைத் தொடுவீர்கள். முழு வளர்ச்சி அடையாத குதிரைக்கு இது கூடவே கூடாது. குதிரையின் முதுகெலும்பு வளர்ந்து முடிய ஐந்தாறு வயது ஆகும்.

வயதையும் ஒரு தடவை பல்லில் பாருங்கள். மேல், கீழ் வெட்டுப்பற்களில் நடு ஜோடி இரண்டரை வயதிலும், அதற்கு அடுத்தவை மூன்றரையிலும், ஓரத்தில் இருப்பவை நாலரையிலும் விழுந்து முளைக்கும். ஓரப்பல் இன்னும் பால்பல்லாக இருந்தால் நாலு வயது என்பது பொருந்தும். அதற்கு உள்ளே இருப்பதும் பால்பல்தான் என்றால் உங்களிடம் இருப்பது மூன்று வயதுக் குட்டி. அப்படியானால் ஏறுவதை நிறுத்திவிட்டு இன்னும் சில மாதம் கையில் பிடித்து நடத்துவதோடு இருங்கள்.

அடுத்தது சேணம். ரேவால் போகிற குதிரைக்குத் தோள்பட்டை எலும்பு நன்றாகப் பின்னோக்கிச் சுழல வேண்டும். நம் பக்கம் பலர் சேணத்தை முன்னால் தள்ளி, தோள் எலும்பின் மேலேயே ஏற்றிக் கட்டுகிறார்கள். முன்காலை ஒருவர் முன்னால் இழுத்துப் பிடிக்கட்டும், நீங்கள் சேணத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ளங்கையை விடுங்கள். கை நசுங்கினால் இரண்டு விரல் அளவு பின்னால் தள்ளிக் கட்டிப் பாருங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே நடை தெளிந்த குதிரைகள் உண்டு. அப்புறம் சேணத்தைக் கழற்றிவிட்டு, முதுகெலும்புக்கு இருபுறமும் விரல் நுனியால் அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது முதுகை வெடுக்கென்று இழுத்தால், காதைப் பின்னால் மடக்கினால், அங்கே வலிக்கிறது. முதுகு வலிக்கிற குதிரை விறைத்துக்கொண்டு பேஸ் போகும். அதைப் பயிற்சிக் கோளாறு என்று நினைத்து அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நொண்டலையும் ஒதுக்கிவிட வேண்டும். நடக்கும்போது தலை ஆடுவது இயல்புதான். ஆனால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவாக ஆட வேண்டும். ஒரு முன்கால் ஊன்றும்போது மட்டும் தலை மேலே எழும்பினால் வலி அந்தக் காலில். குளம்பின் முன்பகுதி நீண்டு கிடந்தாலும் காலின் நேரம் மாறிப்போகும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு முறை லாடம் அடிப்பவரை வரவழைத்துச் செதுக்கிவிடுங்கள். முதுகிலோ காலிலோ சந்தேகம் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குத் தூரமில்லை. காட்டிவிட்டு வந்து மற்றதைத் தொடங்குங்கள்.

இனி நடைக்கு வருவோம். சிட்டுவுக்குக் கற்றுக்கொடுக்கும் முன் உங்கள் காது பழக வேண்டும். மகன் ஏறட்டும், தலையில் ஹெல்மெட்டோடு. நீங்கள் கீழே நில்லுங்கள். கெட்டியான மண் பாதையில் குதிரை சும்மா நடக்கும்போது குளம்புச் சத்தத்தோடு சேர்ந்து "த க தி மி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நான்கும் ஒரே இடைவெளியில் விழ வேண்டும். ரேவாலும் இதே தகதிமிதான், காலம் மட்டும் கூடும். டிராட்டிலும் பேஸிலும் இரண்டே அடிதான் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் கலங்கிப்போனால் "தக... திமி... தக... திமி" என்று ஜோடி ஜோடியாக நொண்டும். பாசோ ஃபினோ குதிரைப் போட்டிகளில் இதற்கென்றே மரப்பலகை போட்டு, அதன் மேல் குதிரையை விட்டு, அடி சீராக விழுகிறதா என்று நடுவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். உங்களுக்கு வாய்க்கால் மேல் இருக்கிற சிமென்ட் பாலம் போதும்.

காதுக்கு ஒரு குறை உண்டு. சத்தம் ஜோடி ஜோடியாக நொண்டுகிறது என்பது தெரியும், பேஸ் பக்கம் நொண்டுகிறதா, டிராட் பக்கமா என்பது தெரியாது. அதற்குக் கண் வேண்டும். இடது கால்கள் இரண்டிலும் சிவப்புத் துணி, வலது கால்கள் இரண்டிலும் வெள்ளைத் துணி சுற்றிவிட்டுப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஒரே நிறம் சேர்ந்து முன்னால் போனால் பேஸ். வேறு வேறு நிறம் சேர்ந்தால் டிராட். கண் தடுமாறினால் கைபேசியில் ஸ்லோமோஷன் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சில வாரம் வேகமே வேண்டாம். நடை, வெறும் நடை. லகான் நீளமாக, குதிரை கழுத்தை நீட்டி, பின்குளம்பு முன்குளம்பின் தடத்தைத் தாண்டி விழுமளவு வீசி நடக்க வேண்டும். பையன்களுக்கு இது சலிப்பாக இருக்கும், தெரியும். ஆனால் ரேவால் என்பது நடையின் பிள்ளை. நடை தகதிமியாக இல்லாத குதிரைக்கு ரேவால் தகதிமியாக வந்து நான் பார்த்ததில்லை. தினமும் அரை மணி நேரம், காலை வெயில் ஏறுவதற்குள், நேர் பாதையும் பெரிய வளைவுகளும் கலந்து போகட்டும். வழியில் நிறுத்துவது, மறுபடி கிளப்புவது, இரண்டடி பின்னால் நகர்த்துவது எல்லாம் இந்தக் கட்டத்திலேயே பழக வேண்டும்.

நடை சீரானதும் அதன் விளிம்புக்குப் போங்கள். நடந்துகொண்டிருக்கும்போது மகன் காலால் லேசாகத் தூண்டி வேகம் கேட்கட்டும். கூடவே லகானை விரல்களால் ஒரு கணம் மூடி, உடனே திறக்கட்டும். தூண்டல் முன்னால் தள்ளுகிறது, மூடிய விரல் டிராட்டுக்குத் தாவாமல் ஒரு நொடி தாமதிக்க வைக்கிறது. அந்த இடைவெளியில் குதிரை ஐந்தாறு அடி வேகமான தகதிமி போடும். நீங்கள் கீழே நின்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள் அல்லவா, நாலும் சமமாக விழுந்த உடனே "சபாஷ்" என்று குரல் கொடுங்கள். மகன் உடனே லகானைத் தளர்த்தி நடைக்குக் கொண்டுவந்து கழுத்தைத் தடவிக் கொடுக்க வேண்டும். தானாகக் கெடும் வரை விடக் கூடாது. நன்றாக இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். பத்தடி நன்றாக வந்ததும் ஆசை வந்து நூறடி கேட்பார்கள், குதிரை பத்தாவது அடிக்கு மேல் டிராட் போட்டுப் பழகிவிடும். ஐந்தடி, நடை, மறுபடி ஐந்தடி. இது பத்தாகி, வேலியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையாகி, தோட்டத்தைச் சுற்றியும் ஆகும். வேகம் கடைசியாகத்தான் வர வேண்டும்.

மகன் ஏறும்போது டிராட்டுக்கு நழுவுகிறது என்பதால் அவனுக்குச் சில உதவிகள் உண்டு. நிமிர்ந்து, உடம்பின் பாரத்தை இம்மியளவு பின்னால் வைத்து உட்காரட்டும், முன்னால் குனியக் கூடாது. கைகளை வழக்கத்தைவிட இரண்டு விரல் உயர்த்திப் பிடிக்கலாம், இழுக்கக் கூடாது. கெட்டியான தரையும் மிக லேசான இறக்கமும் டிராட்டுக்குப் போகும் குதிரையை நடுவுக்குக் கொண்டுவரும். வாய்க்கால் கரையிலிருந்து வயலுக்கு இறங்குகிற சரிவு இதற்கு நல்ல இடம்.

பேஸ் பக்கம் நழுவினால் எல்லாம் தலைகீழ். லேசான ஏற்றத்தில் போக வேண்டும். உழுத மண், மணல் போன்ற மெத்தென்ற தரை வேண்டும். மூங்கில் கழிகளைத் தரையில் குதிரையின் ஒரு காலடி இடைவெளியில் போட்டு அதன் மேல் நடத்தினால், ஒவ்வொரு காலையும் தனித்தனியாகத் தூக்க வேண்டியிருப்பதால் பக்கவாட்டு ஜோடி பிரியும். வட்டத்தில் போகும்போது கழுத்தை உள்பக்கம் கொஞ்சம் வளைத்து, தோளை ஒரு காலடி உள்ளே நகர்த்தி நடக்கச் சொன்னாலும் விறைத்த முதுகு தளரும். தலையைத் தாழ்த்த விடுங்கள். சில குதிரைகளுக்கு கேன்டர் என்கிற மூன்றடித் தாள ஓட்டம் கொஞ்ச நேரம் ஓடினாலே அது முதுகைத் தளர்த்திவிடும், இறங்கி வரும்போது நல்ல ரேவாலில் இறங்கும். ரேவால் குதிரையை டிராட்டோ கேன்டரோ போகவே விடக் கூடாது என்று நம் பக்கம் ஒரு கருத்து உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐஸ்லாந்துக்காரர்கள் எல்லா நடையையும் பழக்குகிறார்கள், டோல்ட் கெட்டுப்போகவில்லை. ஆரம்ப மாதங்களில் மட்டும், எந்த நடை என்பதைக் குதிரை முடிவு செய்ய விடாமல் நீங்கள் கேட்டதைக் கொடுக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நாள் ஆகும் என்று அடுத்துக் கேட்பீர்கள். சீரான சில அடிகள் சில வாரத்திலேயே வந்துவிடலாம். ஒரு மைல் தூரம் யார் ஏறினாலும் கலங்காமல் போக ஒரு வருடம் ஆனாலும் ஆச்சரியமில்லை. தசை அந்த வேகத்தில்தான் வளரும். நீங்கள் ஏறுவதை அதுவரை ஒத்திவையுங்கள். குதிரை முழு வளர்ச்சிக்கு வந்த பிறகு டேப்பை எடுத்து மறுபடி கணக்குப் பாருங்கள். எண்கள் ஒத்துவந்தால் ஏறலாம். வரவில்லை என்றால் அது மகனின் குதிரை.

இப்போது கயிறு. இது உங்கள் பக்கத்து ஊர்க்காரர் கண்டுபிடித்ததில்லை, ஐரோப்பாவில் பல நூற்றாண்டுக்கு முன்பே இப்படிக் கட்டிப் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் என்ன பழகுகிறது என்று யோசியுங்கள். ஒரே பக்கத்து முன்காலையும் பின்காலையும் இணைத்தால் இரண்டும் சேர்ந்துதான் போக முடியும். அது பேஸ். நீங்கள் எதைப் போக்க வேண்டும் என்று எழுதினீர்களோ அதையே கட்டிப்போட்டுக் கற்றுக்கொடுப்பதாக முடியும். அமெரிக்காவில் பேஸ் பந்தயக் குதிரைகளுக்குக் காலில் இணைப்பு வார் போடுகிறார்கள், உண்மைதான். அது பேஸுக்கே பிறந்த குதிரை பந்தய வேகத்தில் நடை மாறிவிடாமல் இருக்க. அங்கே யாரும் முதுகில் ஏறுவதும் இல்லை. உங்கள் மேட்டுப் பள்ளமான நிலத்தில் கயிறு மாட்டி இடறினால் முன்கால் எலும்பு போகும், மேலே பையன் இருந்தால் அவனும்.

கனமான லாடம் காலை உயரத் தூக்க வைக்கும். தூக்கும் உயரத்துக்கும் அடியின் சீருக்கும் சம்பந்தமில்லை. இளங்குதிரையின் தசைநாண்களுக்கு அது வீண் சுமை. இந்த வழியில் போனால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு டென்னசி வாக்கிங் ஹார்ஸ் உதாரணம். காட்சிப் போட்டிகளில் காலை இன்னும் உயரமாகத் தூக்க வேண்டும் என்ற வெறியில் கனமான அடுக்கு லாடம், கணுவில் சங்கிலி என்று போய், கடைசியில் ரசாயனம் தடவித் தோலைப் புண்ணாக்கும் வரை போனார்கள். அதைத் தடுக்க 1970-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. ரன்னிங் வாக் என்கிற அருமையான நடை இயல்பாகவே இருந்த குதிரை அது!

முள் கடிவாளம் நம் நாட்டில் சட்டப்படியே கூடாது. வண்டி, பொதி விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகள், முள்ளோ குமிழோ துருத்திக்கொண்டிருக்கும் கடிவாளத்தைத் தடை செய்திருக்கின்றன. சட்டம் கிடக்கட்டும், வாயில் வலி வந்தால் குதிரை தலையைத் தூக்கி முதுகைக் குழிக்கும். அப்புறம் எந்த நடை வரும் என்று உங்களுக்கே இப்போது தெரியும். நடுவில் ஒரு மூட்டு உள்ள வழவழப்பான சாதாரண வாய்க்கம்பி போதும்.

எல்லாம் செய்தும் நாலு அடித் தாளம் வரவேயில்லை, யார் ஏறினாலும் டிராட்தான் என்றால்? அப்படியும் நடக்கலாம். அப்போது அதை ஒரு நல்ல டிராட் குதிரையாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்கு எழுந்து, மறு அடிக்கு உட்கார்ந்து தாளத்தோடு போகக் கற்றுக்கொண்டால் டிராட் யாரையும் தூக்கிப் போடாது. மகன் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வான். விற்பதென்றால், அடுத்தவரிடம் ரேவால் என்று சொல்லாமல் விற்றுவிடுங்கள்.

ஒரு மாதம் வெறும் நடைப்பயிற்சி முடிந்ததும் எனக்கு வீடியோ எடுத்து அனுப்புங்கள். கைபேசியைக் குதிரையின் வயிற்று உயரத்தில் பிடித்து, பக்கவாட்டில் இருபதடி தள்ளி நின்று, கெட்டித் தரையில், காலில் அந்தத் துணிகளோடு எடுக்க வேண்டும். சும்மா நடப்பது ஒன்று, கொஞ்சம் வேகம் கேட்பது ஒன்று, இரண்டு திசையிலும். சேணத்தோடு ஒரு தடவை, யாரும் ஏறாமல் சேணம் இல்லாமல் தோட்டத்தில் அவிழ்த்துவிட்டு ஒரு தடவை. அவிழ்த்துவிட்டதைக் கட்டாயம் எடுங்கள், ஆள் இல்லாதபோது தகதிமி வருகிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். பின்னணியில் சினிமாப் பாட்டு சேர்க்காதீர்கள், எனக்குக் குளம்புச் சத்தம் கேட்க வேண்டும்.